சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே

போன வாரம் வாலாஜாபாத் பக்கம் புதிதாக முளைத்திருக்கும் ஒரு குடும்ப உணவகத்தில் சாப்பிட்டேன். குடும்பம் இல்லாமல் தனியாகத்தான் போனேன், விட்டார்கள். கை கழுவிவிட்டு வந்தால், எனக்குப் பரிமாறியவர் கைபேசியைக் காட்டினால் மதிப்பெண் போடும் பக்கம் திறக்கிற ஒரு கறுப்புக் கட்ட அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னைவிட நாலைந்து வயது கூடவே இருக்கும். "சார், அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போங்க சார். என் பேரையும் சேத்து எழுதுங்க. நாலு போட்டீங்கன்னா ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணிக் கேப்பாங்க" என்றார். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, தப்பான இடத்தை இரண்டு தடவை அழுத்தி, கடைசியில் என் காய்கறிக்காரருக்குப் பணம் அனுப்பும் பக்கத்தில் போய் நின்றேன். அவரே வாங்கிப் போட்டுக்கொண்டார். ஐந்து நட்சத்திரம். தன் பெயரைத் தானே எழுதி, "சிறப்பான கவனிப்பு" என்றும் தானே எழுதி, நான் அனுப்பியதுபோல் அனுப்பிவிட்டு, எனக்கே நன்றியும் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் "பரவாயில்லைங்க" என்றேன்.

பிறகு அவர் பக்கத்து மேசையைத் துடைத்தார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

பழைய ஓட்டல்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கெல்லாம் நெய் ரோஸ்ட் வாசம் வரும், பில்டர் காப்பி வாசம் வரும். கொடுத்துவைத்தவர்கள். எனக்கு வருவது மேசை துடைக்கிற துணியின் வாசம். சாம்பாரும் புளித்த மோரும் வெங்காயத் தோலும் கொஞ்சம் பினாயிலும் சேர்ந்து, பிழிந்து பிழிந்து மிஞ்சுகிற ஒரு வாசம். அதை யாரும் கவிதையில் வைத்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்த வாசம் வந்தால் உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலும், அதன் கல்லாவில் நான் உட்கார்ந்திருந்த உயரமான மர நாற்காலியும் வந்துவிடும்.

ஆமாம், நான் கல்லாவில் இருந்தேன். வரலாறு படித்துப் பட்டம் வாங்கி, அரசாங்கம் என்னை அழைக்கும் என்று காத்திருந்த காலம். அரசாங்கத்துக்கு வேறு வேலை இருந்தது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஓட்டல் முதலாளியிடம் சொல்லி என்னை அங்கே உட்கார வைத்தார். என் பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை. முதலாளி முதல் மாவாட்டுகிறவர் வரை எல்லாருக்கும் நான் 'பி.ஏ.'தான். மேசை இழுப்பறையில் நூலகப் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்திருப்பேன். சில்லறை எடுக்கும் சாக்கில் அரைப் பக்கம் படிப்பேன். ஒரு பேரரசு கவிழ்கிற கட்டத்தில் நான் மிச்சத்தில் பாதியைக் கொடுக்க, மீதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன வாடிக்கையாளர்கள் உண்டு.

அந்த ஓட்டலில் வேலை பார்த்தவர்களில் நாற்காலி உள்ள ஒரே ஆள் நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, கதை நாற்காலியைப் பற்றியது என்பதால் சொல்கிறேன். பரிமாறுகிறவர்களை எங்கள் பக்கம் சப்ளையர் என்போம். சப்ளையர்கள் காலையில் கடை திறக்கையில் நிற்க ஆரம்பித்தால், மத்தியானக் கூட்டம் ஓய்ந்து பின்கட்டுக்குப் போகும் வரை நிற்பார்கள். அங்கே காலி எண்ணெய் டின்களைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கூடம் நிறைய நாற்காலி காலியாகக் கிடக்கும். ஆனால் பின்கட்டில் டின். யாரும் போட்ட சட்டமில்லை. அதனால்தான் அதை மீற வழி தெரியவில்லை. எழுதி ஒட்டிய சட்டமென்றால் நாலு நாளில் எவனாவது கிழித்திருப்பான்.

அவர்களைக் கூப்பிடுகிற விதம் வேறு. "உஸ்" என்பார்கள். தம்ளரை மேசையில் தட்டுவார்கள். விரலைச் சொடுக்குவார்கள். மாட்டை ஓட்டுகிறவன்கூட மாட்டுக்கு ஒரு பெயர் வைத்திருப்பான்.

உத்திரமேரூரைப் பற்றி இதைச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த விவரத்தைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் என்று எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டிக்கொண்டு வந்து கோயில் சுவரோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போகாது என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது. அந்த வரியோடு யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை. படம் எடுத்து முடித்து, பசியோடு எங்கள் ஓட்டலுக்கு வந்து, "உஸ்" என்பார்கள்.

ஏசுபாதம் அண்ணன் அந்த "உஸ்"ஸுக்குத் திரும்பமாட்டார். காவாந்தண்டலத்துக்காரர். காலனித் தெரு. ஓட்டலில் மேசை துடைக்க வந்து, வேலை விட்டுப்போன ஒருவருக்குப் பதிலாக ஒரு முகூர்த்த நாள் நெரிசலில் வாளியைத் தூக்கி, அப்படியே சப்ளையர் ஆனவர். அவரை அன்பே உருவானவர் என்று எழுதினால் அவரே வந்து என்னை அடிப்பார். சிடுமூஞ்சி. இரண்டாவது தடவை பொரியல் கேட்டால் "இன்னுமா?" என்பார். "சாம்பாரு சூடா கீதா?" என்று கேட்டவரிடம் "வெரல வுட்டுப் பாரு" என்று சொன்னதை நானே காதால் கேட்டிருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போதெல்லாம் பரிமாறுகிறவர்களைப் பாராட்டிப் பலரும் எழுதுகிறார்கள். எல்லாம் புன்னகையைப் பற்றித்தான். முகம் மலர்ந்து உபசரித்தாராம், அதனால் மதிக்க வேண்டுமாம். தாசில்தார் சிரிப்பதில்லை. டாக்டர் சிரிப்பதில்லை. அவர்கள் முன்னால் நாம்தான் சிரிக்கிறோம். சோறு போடுகிறவன் மட்டும் பல்லைக் காட்டினால்தான் மனிதனா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லாவில் உட்கார்ந்தவனுக்குப் பேச்சு இப்படித்தான் பக்கவாட்டில் போகும்.

அண்ணனின் மனைவி எஸ்தர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். ஒருநாள் ராத்திரிச் சோற்றில் ஏதோ வாய்ச்சண்டை. அதில் அந்த அம்மா சொன்னதை மறுநாள் அண்ணன் பின்கட்டில் டின்மேல் உட்கார்ந்து எங்களுக்கெல்லாம் ஒப்பித்தார். "ஊருக்கெல்லாம் எல போட்டுச் சோறு போடறியே, ஒரு நாளு என்னிய அங்க குந்த வெச்சிப் போடு பாக்கலாம். வூட்ல ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்துக்கிறியா நீ?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "இன்னாடா சிரிப்பு? கேட்டது நாயம்தான்? புதங்கிழம எனுக்கு லீவு. இட்டாறேன்" என்றார். அவருடைய சகா முனுசாமி, அப்பளத்தைக் கடித்தபடி, "இட்டா. நான் போடறேன். உன்ன மாரி மூஞ்சிய தூக்கிவெச்சிக்கினு போடமாட்டேன்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பேச்சு என்றால் அதோடு முடிந்துவிடும் என்று நினைப்பது படித்தவர்கள் பழக்கம்.

புதன்கிழமை மத்தியானம் கூடம் நிறைந்திருந்தது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வந்த கூட்டம். நிலம் விற்றவனும் வாங்கியவனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் எஸ்தரும் உள்ளே வந்தார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. அந்த அம்மா ஊதாப் பட்டுப்போன்ற ஒரு புடவை, தலையில் கனகாம்பரம். நடுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தார்கள். முனுசாமி இலை போட்டார், தண்ணீர் தெளித்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறுவதுபோல் ஆரம்பித்தார். "அண்ணிக்கு இன்னொரு அப்பளம். அண்ணி, கூட்டு எப்டி கீது? அண்ணே, உனுக்கு வோணுமா, இல்ல உன் மூஞ்சிக்குக் கூட்டே வாணாமா?" எஸ்தர் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். சோறு வந்தது. சாம்பார் வந்தது.

அப்போது முதலாளி வந்தார். வங்கிக்குப் போயிருந்தவர். கெட்ட மனிதரில்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் காப்பி அனுப்புவார், காசு கேட்கமாட்டார். நடுக் கூடத்தைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்; நான் இழுப்பறையைப் பார்த்தேன்.

மேசையருகே போய்க் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார். "இன்னா ஏசு இது? பேமிலி ரூம் காலியாத்தான் கீது. உள்ள போயி குந்துங்க."

"இல்ல மொதலாளி. நான் போடறது இங்க. இவ பாக்கணும்னு வந்ததும் இங்க."

"அப்ப பார்சல் கட்டச் சொல்றேன். காசு வாணாம். வூட்ல போயி நிம்மதியா துன்னுங்க."

"காசு குடுத்துத்தான் துன்றேன். பார்சல் வாணாம். எல வேணும்."

முதலாளியின் கண் பக்கத்து மேசைகளுக்குப் போய் வந்தது. அதுதான் விஷயம். காவாந்தண்டலத்தில் எந்தத் தெரு என்று கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தக் கை இலையில் சோறு போட்டபோது யாருக்கும் ஞாபகம் வராத தெரு, அந்த ஆள் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஒருவர் நாற்காலியைச் சத்தம் வரும்படி நகர்த்திப் போட்டார். முதலாளியின் குரல் மாறியது. "எய்ந்துரு. எய்ந்தா நாளைக்கு வேலைக்கு வா. எய்ந்துக்கலன்னா வராத."

அண்ணனுக்கு வேறு வேலை இல்லை. நிலமில்லை. மகள் வாலாஜாபாத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் கை இலையிலேயே இருந்தது. உடம்பு மட்டும் கொஞ்சம் மேலே எழுந்தது. நான் பார்த்தேன்.

எஸ்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "குந்து. சாம்பாருதான் ஊத்திக்கிறாங்க. ரசம் வரல இன்னும்."

அண்ணன் உட்கார்ந்தார்.

ஓரத்து மேசையில் ஒரு பத்திர எழுத்தர் இருந்தார். தினசரி வாடிக்கை, தினசரி நகைச்சுவையும் அவர்தான். கூடம் முழுக்கக் கேட்கும்படி, "இன்னா மொதலாளி, சப்ளையரெல்லாம் குந்திக்கினா போடறது யாரு?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

முனுசாமி கையில் ரசவாளி. அவர் பத்திர எழுத்தரை ஒரு நிமிடம் பார்த்தார், நல்ல யோசனை சொன்னவரைப் பார்ப்பதுபோல. "அதானே? நல்லா கேட்டீங்க சார்" என்றார். வாளியை நடுத் தரையில் வைத்தார். எஸ்தருக்கு எதிரே இருந்த காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சோற்றுக் கூடையோடு வந்த சப்ளையர் பார்த்தார், கூடையை வைத்தார், உட்கார்ந்தார். மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, துடைத்த மேசையிலேயே உட்கார்ந்தார். சமையல்கட்டு ஜன்னலில் சரக்கு மாஸ்டரின் தலை தெரிந்தது. "நானும் குந்துவேன், பால் பொங்கிடும். நீங்க குந்துங்கடா" என்றார்.

நண்பரே, நம் சாப்பாட்டின் ஒரு ரகசியத்தை அன்றுதான் புரிந்துகொண்டேன். சாம்பார் சோறு முடிந்து ரசம் வராத நேரத்தில் ஒரு மனிதனால் ஒன்றுமே செய்ய முடியாது. எழுந்து போக முடியாது, இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது. எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது, வலது கை எச்சில். கை காய ஆரம்பிக்கிறது. விரல் இடுக்கில் பருக்கை இறுகுகிறது. நிலம் விற்றவனும் வாங்கியவனும் சாட்சியும், கையை இலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆசீர்வாதம் பண்ணுவதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அவசரக்காரரான பத்திர எழுத்தர் எழுந்துபோய்க் கரண்டியை நோக்கிக் கையை நீட்டினார். "தோ, எச்சக் கையா பீச்சாங் கையா, மொதல்ல முடிவு பண்ணு!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அதன்பிறகு அவர் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பி.ஏ., நீ போயி ரசம் ஊத்து."

"எனக்கு ஊத்தத் தெரியாது மொதலாளி" என்றேன். பொய்யில்லை. ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். உலகத்தில் எத்தனையோ பேர் எழுந்து நின்று போராடியிருக்கிறார்கள். இழுப்பறையில் கிடந்த புத்தகம் முழுக்க அவர்கள்தான். நான் என் வாழ்க்கையில் செய்த ஒரே போராட்டம், ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழாமல் இருந்தது. உடம்புக்கு ஒத்துக்கொள்கிற போராட்டம்.  

சுவரோரம் இருந்த ஒரு கிழவி, மகன் நிலத்தைப் பதிந்துகொடுக்கக் கூட வந்தவள், சத்தமாகச் சொன்னாள். "அவுங்க துன்னா நமுக்கு இன்னாப்பா கொறஞ்சிடும்? பசிக்குது. யாராச்சும் ஊத்துங்கப்பா. நைனா, நீதான் சும்மா நிக்கிறியே, நீ ஊத்து."

நைனா என்றது முதலாளியை. கூடத்தில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் அப்போது அவர்தான். இதை அவரும் அந்த நொடியில்தான் கவனித்தார் என்று நினைக்கிறேன். சுற்றிப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டார். குனிந்து வாளியைத் தூக்கினார்.

எல்லாரும் எதிர்பார்த்தது ரசம் வேட்டியில் கொட்டுவதை. கொட்டவில்லை. இடது முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. வாளி இடுப்பில் உட்கார்ந்தது. கரண்டி கலக்கி எழுந்தது, தெளிவும் மண்டியும் சரிபாதியாக. முதல் இலையில், சோற்றில் பறித்த குழிக்குள், ஒரு சொட்டு பொரியல் பக்கம் போகாமல் இறங்கியது. அடுத்த இலை. அதற்கடுத்தது. கிழவிக்கு. வாய் பேசாத பத்திர எழுத்தருக்கு. கால்கள் மேசைகளுக்கிடையே பக்கவாட்டாக, எங்கள் எல்லாருக்கும் பழக்கமான அந்த நடையில் போயின. பிறகு நடு மேசைக்கு வந்து நின்றார். எஸ்தரின் இலையில் ஊற்றினார். அண்ணனின் இலையில் ஊற்றினார்.

அண்ணன் ரசத்தைப் பார்க்கவில்லை, கரண்டி பிடித்த மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு முதலாளியின் முகத்தை. அவர் வாயிலிருந்து அந்த மனிதருக்கு 'நீ' என்று வந்து நான் கேட்டதில்லை. அன்று வந்தது. "மொதலாளி, நீயும் நம்ம லைனா?"

 முதலாளி காது சிவந்து நின்றார். பெரிய வீட்டில் பெண் எடுத்தவர், வட்டிக்கு விடுகிற குடும்பம் என்றுதான் ஊர் நினைத்திருந்தது. "கல்யாணத்துக்கு மின்ன. மெட்ராஸ்ல சப்ளையரு" என்றார். "துன்னு, பேசாத."

"நீ எங்க குந்தித் துன்ன அங்க?" என்று கேட்டார் எஸ்தர். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

 முதலாளி வாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு அடுத்த மேசைக்குத் திரும்பினார்.

"மோரு?" என்றார் எஸ்தர்.

"வருது" என்றார் முதலாளி.

வந்தது. உட்கார்ந்த மூன்று பேரும் அதுவரை எழவில்லை. மோர் எஸ்தரின் இலையில் விழுந்த பிறகு முனுசாமி மட்டும் எழுந்து, "குடு மொதலாளி, நீ பழச ஞாபகம் வெச்சிக்கினு மோரையும் அளந்து அளந்து ஊத்தற" என்று வாளியை வாங்கிக்கொண்டார். அண்ணனும் எஸ்தரும் இலையை மடித்து, கை கழுவி, கல்லாவுக்கு வந்து காசு கொடுத்தார்கள். எஸ்தர் சோம்புக் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் முந்தானையிலும் முடிந்துகொண்டார்.

மறுநாள் காலை அண்ணன் வந்தார். முதலாளி கடிகாரத்தைப் பார்க்காமலே "லேட்டு" என்றார். லேட்டில்லை. அவ்வளவுதான் பேச்சு. அன்று மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் அண்ணனோடு அந்த மூன்று பேரும் நடுக் கூடத்தில், விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டின்கள் எண்ணெய்க்குத் திரும்பின. வாடிக்கையாளர்கள் சிலர் நின்றுபோனார்கள். பத்திர எழுத்தர் எதிர் ஓட்டலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சில நாளில் திரும்பி வந்தார். சமத்துவத்தை ஏற்றுக்கொண்டு அல்ல, அங்கே சாம்பார் சகிக்கவில்லை. ஏதோ ஒன்று. வந்தார், உட்கார்ந்தார், "ஏசு, கொஞ்சம் ரசம்" என்று பெயர் சொல்லிக் கேட்டார். அண்ணன் "இன்னுமா?" என்றார்.

இப்போது அந்த ஓட்டல் இல்லை. சாலையை அகலப்படுத்தியதில் கூடம் பாதி போயிற்று. மீதியில் கைபேசி விற்கிறார்கள். முதலாளி இல்லை. ஏசுபாதம் அண்ணனுக்குக் காலில் நரம்பு சுருண்டு, கெண்டைக்கால் வேர் ஓடிய மரம்போல் ஆகிவிட்டது. நிற்க முடிவதில்லை, உட்கார்ந்தேயிருக்கிறார். வாழ்நாள் முழுக்க நின்ற கணக்கு. அந்தச் சாப்பாடு இனி வராது என்று என்னோடு சேர்ந்து பெருமூச்சு விட வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அந்தச் சாப்பாடு ஒன்றும் பிரமாதமில்லை. புளி அதிகம். அது போனால் போகட்டும்.

வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று இன்றைக்குச் சட்டமே வந்துவிட்டது. வாலாஜாபாத் உணவகத்திலும் அப்படி ஒரு நாற்காலி இருந்தது. அதில் தண்ணீர்க் கேன் உட்கார்ந்திருந்தது.

போனது எதுவென்றால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த முதலாளி. உள்ளே வந்து, குரலை உயர்த்தி, காது சிவந்து, கடைசியில் குனிந்து வாளியைத் தூக்கக்கூடிய ஓர் ஆள் கூடத்தில் இருந்தார். "நீயும் நம்ம லைனா?" என்று கேட்க அவருக்கு ஒரு முகம் இருந்தது. இன்று முதலாளி என்பது எங்கிருந்தோ போன் பண்ணுகிற ஒரு 'ஆபீஸ்'. அதற்கு மணிக்கட்டு இல்லை. எல்லாரும் ஒரு மத்தியானம் வாளியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டால், தூக்க வேண்டியவர் யார் என்பதே யாருக்கும் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன? உட்காரட்டும். நம் கை கொஞ்சம் காய்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ரசம் ஆறட்டும். யார்தான் வருகிறார் என்று பார்ப்போம்.